தூக்காத கம்பிக் கட்டு

ஆடி 12, வெள்ளிக்கிழமை

எண்ணூரில் நாங்கள் கட்டும் புகைபோக்கியில் இன்று கான்கிரீட் போடும் வேலை நின்றுபோனது. காரணம் நான்தான். என் கிரேனில் கம்பிக் கட்டை மாட்டிய நேரத்தில் காற்று மீட்டர் சிவப்பைத் தொட்டது. தூக்க மாட்டேன் என்றேன். கம்பி மேலே போகாமல் அடுத்த கான்கிரீட் போட முடியாது.

புகைபோக்கி உச்சியில் நின்று எனக்கு சிக்னல் கொடுப்பவன் அந்தோணி. ஒன்பது வருடப் பழக்கம். வாக்கிடாக்கியில் கத்தினான்.

"இன்னா மாமு, இந்தக் காத்துக்கே பயந்துகினா எப்டி? கான்கிரீட் இறுகிகினு கீது. அப்பால ஷட்டர் ஏறாது!"

"அடங்கட்டும், அந்தோணி."

காற்று அடங்க இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள், கான்கிரீட் போடப் போட மேலே ஏற்றும் அச்சுத் தகடான ஷட்டர், இறுகிய கான்கிரீட்டில் பிடித்துக்கொண்டது. அதை விடுவிக்கப் பத்துப் பேர் சாயங்காலம் வரை மல்லாடினார்கள். சாப்பிடும்போது என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

தினமும் வேலை முடிந்து வீடு திரும்பும்போது கல்மண்டபம் வரை அந்தோணியின் பைக்கில்தான் வருவேன். இன்று அவன் நிற்காமல் போய்விட்டான். பஸ்ஸில் வந்தேன்.

அந்தக் காற்றில் தூக்கியிருந்தால், கட்டு அவன் தலைக்கு மேலாகத்தான் ஆடிக்கொண்டு போயிருக்கும். அதைச் சொல்ல போன் செய்தேன். எடுக்கவில்லை.

நான் உட்காரும் இடத்திலிருந்து உச்சியில் நடப்பது தெரியாது. நாளைக்கும் அவன் குரலைக் கேட்டுத்தான் தூக்க வேண்டும்.