மெமரி போதாது என்கிறது உங்கள் பெட்டி

இன்று காலை எட்டரை மணிக்கு உங்கள் கம்ப்யூட்டரைப் போட்டேன். ஒன்பது மணிக்குத்தான் திரை முழுதாக வந்தது. அதற்குள் நான் குளித்து, இட்லி சாப்பிட்டு, பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். ஒன்பதேகாலுக்கு அந்தச் சாம்பல் நிறக் கட்டம் நட்டநடுவில் வந்து நின்றது. மெமரி போதவில்லையாம், சிலவற்றை மூடிவிட்டு மறுபடி முயல வேண்டுமாம். எதை மூடுவது? இன்னும் நான் ஒன்றையும் திறக்கவே இல்லை. வாங்கி வைத்தது நீங்கள், அதனால் இந்த எரிச்சலும் உங்களுக்கே. காகிதத்தில், பேனாவால் எழுதுகிறேன். பேனா என்னை எதையும் மூடச் சொல்வதில்லை.

புதுச்சேரியில் யாரோ வேண்டாம் என்று தள்ளியதை 2004இல் நீங்கள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். “பழசை எதுக்குங்க வாங்கினீங்க?” என்றேன். “நானும்தான் பழசு. வேலை செய்யல?” என்றீர்கள். “அதுவே சந்தேகமா இருக்குது” என்றேன். அன்றைக்கும் இந்தக் கட்டம் வரும். நீங்கள் படிக்காமலே தட்டி விரட்டுவீர்கள். கான்வென்ட்டில் படித்த எனக்கு அது பொறுக்காது. ஒன்றை எழுதிக் காட்டினால் அதைப் படித்துவிட்டுத்தானே பதில் சொல்ல வேண்டும்? “அது லெட்டர் இல்லடி, மெஷின்” என்பீர்கள்.

என் பங்குக்கு அதைச் சுத்தமாக வைத்திருந்தேன். நம் உப்பளத்துக்கு எதிரே குடியிருப்பவளுக்கு அதுதான் பெரிய வேலை. ஜன்னல் கம்பி, ரேடியோ, தையல் மெஷின், ஃபிரிட்ஜ் எல்லாவற்றிலும் இரவோடு இரவாக ஒரு பிசுக்குப் படிந்துவிடும். தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒரு முறை. உங்கள் பெட்டியும் அந்த வரிசையில் சேர்ந்தது. பின்பக்கத்து ஓட்டைகளைக்கூட நான் விட்டதில்லை. “அத மட்டும் விட்டுடேன்” என்று ஒரே ஒரு முறை சொன்னீர்கள். “ஒரு வாரம் விட்டா அது மேலயே உப்பு வாரலாம்” என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டீர்கள்.

அந்த வருஷக் கடைசியில் கடல் ஏறி வந்தபோது பாத்திகளோடு நம் கொட்டகையும் மூழ்கியது. யார் எந்த வருஷம் வேலைக்கு வந்தார்கள் என்று எழுதியிருந்த வருகை நோட்டுகள் எல்லாம் கூழாகிவிட்டன. நீங்கள் அந்தப் பெண்களை ஒவ்வொருவராக நம் சாப்பாட்டு மேசைக்கு அழைத்து உட்காரவைத்து, கேட்டுக் கேட்டு, இரண்டு விரலால் அந்தப் பெட்டியில் அடித்தீர்கள். “பிரிண்ட் எடுங்க” என்று நான் சொல்லாத நாளில்லை. “அப்புறம், அப்புறம்” என்றீர்கள். அடுத்த ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை அஞ்சலை வந்து வாசலில் நின்றாள். நம் பாத்தியில் உப்பு வாரும் அதே அஞ்சலைதான். சர்க்காரில் தொழிலாளர் அட்டை கொடுக்கிறார்களாம். எத்தனை வருஷ வேலை என்று உப்பளத்துக்காரர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம்.

“ஐயா அன்னிக்கி பொட்டியில போட்டாரேம்மா, அத எடுத்துக் குடுங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள குடுக்கலன்னா எங்களுக்குக் கார்டு கெடையாதாம்.”

“நாளைக்கு வா” என்றேன். என்ன பெரிய வேலை, திறந்து எடுப்பதுதானே என்று நினைத்தேன்.

அந்தப் பட்டியலைத் திறக்கப் போனால் கட்டம் வந்தது. மெமரி போதவில்லை. நான் ஒழுங்காகப் படித்தேன். இடமில்லை என்கிறது, இடம் பண்ணிக் கொடுப்போம் என்று முடிவு செய்தேன். நீங்கள் பாதியில் விட்டிருந்த சதுரங்க ஆட்டத்தை முதலில் அழித்தேன். அப்புறம் உங்கள் பாட்டுகள். அப்போதும் திறக்கவில்லை. மறுநாள், மழைக்கு முன்னால் பாத்தி மேல் மேகம் கட்டுவதை நீங்கள் எடுத்து எடுத்துச் சேர்த்த படங்கள், அத்தனையும். குப்பைத்தொட்டியையும் உடனே காலி செய்தேன். என் வீட்டில் குப்பை தங்காது, உங்களுக்குத் தெரியும். புதன்கிழமை பெட்டி மூன்று முறை நீளமாகக் கத்திவிட்டு, கறுப்புத் திரையோடு நின்றுபோனது. அஞ்சலை அன்றைக்கும் வந்தாள். “நாளைக்கு வா” என்றேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

உங்கள் டைரியில் நம்பர் தேடி, கோட்டக்குப்பத்து மெக்கானிக் பஷீரைக் கூப்பிட்டேன். துபாயில் பத்து வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர். வியாழக்கிழமை பஸ் பிடித்து வந்தார். நான் செய்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். திருகாணியைக் கழற்றிக்கொண்டே கேட்டவர் தலையை ஆட்டினார்.

“நீங்க அழிச்சது வேறம்மா, இது கேக்குறது வேற. குடோனக் காலி பண்ணிட்டா பாத்தி பெருசாயிடுமா?”

உங்கள் மேகங்கள் சும்மாவே போயின.

உள்ளேயிருந்து சின்னதாக இரண்டு பட்டைகளை உருவினார். அவற்றின் ஓரத்துப் பித்தளை நிறப் பற்களில் பச்சையாகப் பூத்திருந்தது.

“இதாம்மா மெமரி. ஒன்னு எப்பவோ படுத்துடிச்சி, பாதியிலதான் ஓடியிருக்குது. இப்ப ரெண்டாவதும் போச்சி. யாரு ஈரத்துல தொடைக்கிறது?”

“நான்தான்.”

“டெய்லியா?”

“தினமும்” என்றேன், தலை நிமிர்ந்தே.

“அப்ப இத்தினி நாள் ஓடுனதே ஐயா புண்ணியம். இங்க பாருங்க.” பெட்டியின் மூலையில் ரப்பர் தூள் கறுப்பாகச் சுருண்டு கிடந்தது. “எங்கிட்ட போன்ல கேட்டாரும்மா. ஒன்னு, மாசம் ஒருக்கா பட்டைய உருவி ரப்பர் போட்டுத் தேய்ங்க. இல்லன்னா அந்த ஈரத்துணிய நிறுத்துங்கன்னேன். ரெண்டாவது நடக்காதுப்பா, மொதலாவதையே செஞ்சிக்கிறேன்னாரு.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நான் காபி போடுகிறேன் என்று உள்ளே போனேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு அது பொங்கி வழியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நான் மார்க்கெட்டுக்குப் போகும் நேரம் பார்த்து, திருட்டு வேலை போல, மாதாமாதம்! ஒரு பெண்டாட்டியிடம் துணியை எடுக்காதே என்று சொல்வதைவிட இது சுலபமாக இருந்ததா உங்களுக்கு?

பஷீர் தேய்த்து மாட்டியதும் பெட்டி பிழைத்தது. அழுக்கு போனாலும் வயது போகவில்லை, அதனால்தான் இன்றும் முனகுகிறது. ஆனால் அன்றைக்குப் பட்டியல் திறந்தது. ஃபிளாப்பியில் ஏற்றி, கடைத்தெரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் அவர் பஸ் ஏறினார்.

சாயங்காலம் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். பெயரைப் படித்து, வருஷத்தைப் படித்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டேன். அஞ்சலை மட்டும் நகரவில்லை.

“என்ன?”

“ஒன்னுமில்லம்மா.”

“அப்ப போயேன்.”

போனாள். கேட் வரைக்கும் போய்விட்டாள். அவள் முதுகைப் பார்த்தபோது, ‘ரெண்டாவது நடக்காதுப்பா’ என்று நீங்கள் போனில் சொல்லியிருப்பது அப்படியே காதில் கேட்டது. எத்தனை பேர் என் முன்னால் வாயைத் திறந்து, மூடிக்கொண்டு போயிருப்பார்கள்!

“அஞ்சலை, இங்க வா. சொல்லு.”

“கோச்சிக்கக் கூடாது. எனக்குப் பதினோரு வருசம்னு படிச்சீங்க. எம் பெரிய பொண்ணு வயித்துல இருக்கும்போது வந்தவம்மா நானு. அவளுக்கே பதினாறு ஆவுது.”

அடித்துத் திருத்தி, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு இன்னும் மூன்று பேர் முன்னால் வந்தார்கள். நான்கு தவறுகள், நீங்கள் அடித்த பட்டியலில்! திருத்திய தாள்களை வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆபீஸில் வாங்கிக்கொண்டார்களாம்.

அன்றிலிருந்து யாராவது ‘ஒன்னுமில்லம்மா’ என்றால் நான் விடுவதில்லை. கையில் உள்ளதைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா? முதல் முறை கேட்டால் சொல்ல மாட்டார்கள், மூன்று முறை கேட்க வேண்டும். வாசலில் நான் வைக்கும் பால் பாத்திரத்து மூடியில் தினமும் மண் இருக்கிறது, பாத்திரத்தை உள்ளே தள்ளி வையுங்கள் என்று சொல்ல நேற்று பால்காரருக்குப் பத்து நிமிஷம் ஆனது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

‘அத மட்டும் விட்டுடேன்’ என்று நீங்களும் இரண்டாம் முறை சொல்லியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன், அதில் சந்தேகமில்லை. இருபது நிமிஷம் கத்தியிருப்பேன். முப்பத்தெட்டு வருஷம் தாங்கியவர் அதையும் தாங்கியிருக்கக் கூடாதா?