பழனிக்கு நேர்ந்துவிட்ட முடி

கோவிந்தாபுரம்,
மார்கழி 12, சனிக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை தண்டபாணிக்கு உன் தாய்மாமன் நாச்சிமுத்து எழுதிக்கொள்வது. இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். நீ மஸ்கட்டில் சௌக்கியமாக இருப்பாய் என்பதும் எனக்கு முன்பே தெரியும், இருந்தாலும் முறை விட்டுப்போகக் கூடாது என்று சுகம் விசாரிக்கிறேன். இங்கே நானும் உன் அத்தை வள்ளியாத்தாளும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். போனில் பேசி அனுப்பினால் இரண்டு நீலக்கோடு விழுகிறதே தவிர உன்னிடமிருந்து பதில் வருவதில்லை, ஆகையால் காகிதத்தில் எழுதுகிறேன், காகிதத்தைப் பாதியில் அணைக்க முடியாது பார். மீனாட்சிபுரம் மயில்சாமி லீவு முடிந்து திங்கட்கிழமை மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறான். உன் தலைக்குப் போடும் மருந்து ஆறு குப்பி, டாக்டர் சீட்டின் நகல், ஒரு டப்பா கச்சாயம், இந்தக் கடிதம் எல்லாம் அவன் கையில் வருகிறது. கச்சாயம் உன் அம்மா சுட்டது. அத்தை சுட்டதாகச் சொல்லச் சொல்லியிருக்கிறாள், நான் சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்.

உன் முடி கொட்டத் தொடங்கியபோது ஊரே மஸ்கட் தண்ணீரைக் குறை சொன்னது. கடல் தண்ணீரைச் சுத்தம் செய்து தலையில் ஊற்றினால் எந்த முடி நிற்கும் என்று உன் அம்மா மயில்சாமி கையில் பத்து லிட்டர் கிணற்றுத் தண்ணீர் கொடுத்தனுப்பப் பார்த்தாள், நான்தான் தடுத்தேன். போன வருஷம் ஐப்பசி லீவில் வந்தவனைப் பாலக்காட்டுத் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனது யார்? என்னைப் பார்த்ததும் அந்த டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார், நீ செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்ததால் கவனித்திருக்க மாட்டாய். தண்ணீர் காரணம் இல்லை, இது ஆண்களுக்குப் பரம்பரையாக வருகிற வழுக்கை, வேர் சாகவில்லை, மெலிந்துகொண்டே போகிறது, அவ்வளவுதான் என்று அவர் சொன்னார். நானும் மனசுக்குள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் என்று என்னைச் சொல்வார்கள், ஆனால் அந்தக் காலத்து ஒன்பது இந்தக் காலத்து டாக்டர் படிப்புக்குக் கிட்டத்தில் வரும். பரம்பரை என்றால் அது உன் அப்பா வழியாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு அறுபத்தொரு வயசிலும் சீப்பு மாட்டிக்கொள்கிறது.

மருந்து போட்ட முதல் இரண்டு மாதம் முன்னைவிட அதிகமாகக் கொட்டுகிறது என்று தலையணையைப் போட்டோ எடுத்து அனுப்பினாய். உன் அம்மா அதைப் பார்த்து அழுதாள். நீ மருந்தைத் தூக்கி எறியப் போவதாகச் சொன்னாய். அப்போது நான் என்ன சொன்னேன்? மாமரத்தில் முதல் பூ உதிர்ந்தபிறகு இரண்டாம் பூவில்தான் பிஞ்சு நிற்கிறது, முப்பது வருஷமாக முதலமடையில் தோப்புக்கு விலை பேசுகிறவன் எனக்குத் தெரியாதா, பழைய முடி விலகினால்தான் புதுசுக்கு இடம், விடாமல் போடு என்றேன். டாக்டரும் பிறகு போனில் அதையேதான் சொன்னார், மாமரத்தை மட்டும் விட்டுவிட்டார். ஆறாம் மாதம் பூனை முடி மாதிரி வந்தது, பத்தாம் மாதம் கறுத்தது. நான் சொன்னபடி நடக்காத ஒன்று இருந்தால் காட்டு.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது வந்தது இந்த வேண்டுதல் விவகாரம். தலையணைப் போட்டோ வந்த அன்றைக்கே உன் அம்மா பழனி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டு, முருகா, எம் பையனுக்கு முடி திரும்ப மொளைச்சா மொளைச்சது அத்தனையும் உனக்கே என்று நேர்ந்துவிட்டிருக்கிறாள். எங்களில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு வெள்ளி வேலோடு முடித்திருப்பேன். கார்த்திகை பிறந்த அன்று நீ வீடியோவில் குனிந்து உச்சியைக் காட்டினாய், வெளுத்துக் கிடந்த இடம் மூடியிருப்பதைப் பார்த்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வந்த வேகத்திலேயே, மாசியில வந்ததும் மொதல்ல பழனிக்குப் போயி மொட்டை, அப்புறமேட்டுத்தான் பொண்ணு பாக்கறது என்று சொல்லிவிட்டாள். அம்மா, வருஷம் முச்சூடும் காலையும் ராத்திரியும் சொட்டுச் சொட்டா உட்டு வளத்தது நானு, சாமி ஒரு சொட்டு உட்டுச்சா என்று நீ கேட்டது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்டது. அந்த மருந்து புடிக்கோணும்னு சாமிகிட்ட ஆரு கேட்டா, நாந்தானே கேட்டேன் என்றாள் அவள். நீ போனை வைத்தாய். அதோடு நாற்பது நாள் ஆயிற்று, அவளும் கூப்பிடவில்லை, நீயும் கூப்பிடவில்லை. மொட்டை அடிக்கச் சொன்னால் லீவே வேண்டாமென்று எழுதிக் கொடுக்கப் போகிறாய் என்று மயில்சாமி வந்து சொன்னான். அன்றிலிருந்து உன் அம்மா சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். வாய் திறந்து, வரட்டும் என்றும் சொல்ல மாட்டாள், மொட்டை வேண்டாம் என்றும் சொல்ல மாட்டாள். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது, அதனால்தான் சிக்கல். இப்படிப்பட்ட இடத்தில் என்னைப் போன்ற ஒருவன் தேவைப்படுகிறான்.

முதலில் வண்ணாமடையில் அஞ்சுவின் வீட்டுக்குப் போனேன். ஆறு மாதமாக நீ போனில் பேசி வருகிற பெண், மாசியில் முறைப்படி பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறோம், ஆனால் உன் தலைக்கு மருந்து போடுகிற சங்கதியை நாம் யாரும் அந்த வீட்டில் சொல்லவில்லை. நான் வேறு போன தடவை போனபோது எங்கள் வம்சத்தில் முடி வெட்டிக்கொள்ளவே நேரம் போதாது என்று சொல்லி வைத்திருந்தேன். மெதுவாக ஆரம்பித்து, பெரியம்மை, சின்னம்மை, மூட்டுவலி எல்லாம் பேசி, கடைசியில் வழுக்கைக்கு வந்து சேர்ந்தேன். அஞ்சு கொழிஞ்சாம்பாறையில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பதை மறந்துவிட்டேன். ஏனுங் மாமா, இதைச் சொல்றதுக்கா இத்தனை சுத்து, எங்க கடையில வாரத்துக்குப் பத்துப் பேரு வாங்கீட்டுப் போறாங்க என்று சிரித்தாள். பிறகு என்னையே கேள்வி கேட்டாள். போட்டுட்டுக் கையைக் கழுவறாங்களா, தலை காஞ்சப்புறம் படுக்கறாங்களா, நெஞ்சு படபடப்பு, தலைசுத்தல் ஏதாச்சும் இருக்குதுங்களா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் நல்ல பதிலாகச் சொன்னேன். மொட்டையோட வந்தாலும் வரட்டுங், தேதிய மட்டும் மாத்தாதீங்க, பாதியில மருந்த உட்டாத்தான் வந்ததெல்லாம் போயிரும் என்று முடித்தாள். ஆகவே அந்தப் பக்கம் உனக்குப் பயம் வேண்டாம், நல்ல பெண், கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தவள்.

அடுத்து டாக்டர். மொட்டை அடித்தால் வளர்ந்தது வீணாகிவிடுமா என்று கேட்டேன். கொழப்பமில்லா என்றார் மலையாளத்தில், ஒன்றும் ஆகாது என்று அர்த்தம், வேர் உள்ளே இருக்கிறது, கத்தி மேலோடு போகிறது, பழையபடி வளரும், ஆனால் கத்திக் கீறல் இருந்தால் அது ஆறும்வரை மருந்து போடக் கூடாது, புண் வழியாக அதிகமாக உடம்புக்குள் இறங்கிவிடும் என்றார். இதையும் நான் ஏற்கெனவே ஊகித்ததுதான். இன்னொன்றும் சொன்னார், தாய்மாமன் எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன். உன் குப்பியில் இரண்டு மருந்து கலந்திருக்கிறது, கல்யாணமாகிக் குழந்தைக்கு எதிர்பார்க்கும் காலம் வந்தால் முன்கூட்டியே அவரிடம் சொல்ல வேண்டும், வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண் அந்த மருந்தைக் கையாலும் தொடக் கூடாதாம், மருந்து போட்ட ஈரத் தலையையும் தொடக் கூடாதாம். அஞ்சுவுக்கு இது தெரிந்திருக்கும், உனக்கும் தெரிந்திருக்கட்டும்.

இத்தனையும் கேட்டுவிட்டு வந்து உன் அம்மாவிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டேன். அவனுக்கு முதல் மொட்டை போட்டது என் மடியில் வைத்துத்தான், அதனால் அவன் தலைக்குப் பாத்தியப்பட்டவன் நான், அவனுக்குப் பதிலாக நான் கொடுக்கிறேன் என்றேன். போன திங்கட்கிழமை பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து மாறி, உன் அத்தையையும் சேர்த்து மூன்று பேரும் பழனி போய்ச் சேர்ந்தோம். முடி எடுக்கும் கொட்டகையில் நல்ல கூட்டம். நான் உள்ளே நுழைந்ததும் வரிசை தானாக விலகியது. முடி எடுக்கிறவர் என் தலையில் கை வைத்துப் பார்த்துவிட்டு, ஐயாவுக்கு வயசு என்னங்க, அறுபத்தொண்ணா, இத்தனை அடர்த்தி நான் சர்வீசுல பாத்ததில்லீங்க என்றார். இரண்டு தடவை பிளேடு மாற்றினார். அரைக்கூடை நிறைந்தது, பக்கத்துப் பலகைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டது. சந்தனம் பூசியதும் மண்டைக்குள் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. படியேறியே மலைக்குப் போனேன், வின்ச்சில் போகவில்லை. உன் வேண்டுதல் அத்தோடு தீர்ந்தது. உன் அம்மா இறங்கி வந்து இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், பஸ்ஸில் சன்னல் ஓரம் உட்கார்ந்து பொள்ளாச்சி வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். இப்போது காலையில் அடுப்படியில் பாட்டுச் சத்தம் கேட்கிறது.

ஆகையால் உன் தலை உன்னுடையது, ஒருவரும் கேட்கப் போவதில்லை. லீவுப் பாரத்தை இந்த மாதக் கடைசிக்குள் கொடுத்துவிடு. இங்கே பனி நன்றாக விழுகிறது, தோப்பில் பூ தாங்கி நிற்கிறது, நான் சொன்ன மாதிரியே இந்த வருஷம் முன்கூட்டிக் காய் வரும், நீ வரும்போது கிளிமூக்கு மாங்காய் இருக்கும். மருந்தைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் வளரும் என்று நினைக்காதே, அளவுதான் கணக்கு. போட்ட உடனே தலை குளிக்காதே, மேலே தேங்காய் எண்ணெய் தேய்க்காதே, அது உன் அம்மாவுக்கும் சொல்லியாயிற்று. தனியாக இருக்கிறாய் என்று பரோட்டாவிலேயே காலத்தை ஓட்டாதே. முருகன் உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு மடித்துத்தான் வைத்தேன். உன் அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாப் பக்கமும் படித்துவிட்டாள். ஏனுங்க, மாசியில அவன் வந்து நிக்கறப்ப உங்க தலையில கருகருன்னு இருக்கறத என்னன்னு சொல்லுவீங்க, ரெண்டு மாசத்துல இத்தனை வளந்துருச்சும்பீங்களா, உங்களுக்கும் அந்த மருந்தாக்கும் என்று கேட்டாள். இப்படியே கொடுத்தனுப்பினால் அவளே தனியாக ஒரு கடிதம் எழுதுவாளாம். ஆகையால் ஒன்றே ஒன்றைத் திருத்துகிறேன். மற்றதெல்லாம் நடந்தது, டாக்டர் எழுந்து நின்றது உட்பட. பலகையில் நான் உட்கார்ந்ததும் உண்மை, தலையில் தண்ணீர் ஊற்றியதும் உண்மை. பிடரியில் கத்தி பட்டதும் என் கை தானாகப் போய் முடியைப் பிடித்துக்கொண்டது. சித்த இருங்க, தாகமா இருக்குது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். ஈரத் தலையோடு டீக்கடையில் நின்று இரண்டு டீ குடித்தேன். ஒரு முடிக்கு இத்தனை ஆட்டமா என்று உன்னைப் பார்த்துச் சிரித்தவன் நான். திரும்பிப் போனால் பலகையில் உன் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், பாதித் தலை முடிந்திருந்தது, உன் அத்தை அம்மாவின் மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அக்கா, என்னக்கா இது என்றேன். அவள் தலையைத் தூக்கவில்லை. எம் வேண்டுதல், எம் தலைடா, நீ இன்னொரு டீ குடிச்சுப்போட்டு வா என்றாள். மலையிறங்கும்போதுதான், நீ குடுத்ததாவே அவனுக்கு எழுதிப்போடு, நானுன்னா சங்கடப்படுவான் என்றாள். இரண்டு தோசை சாப்பிட்டதும் பாட்டுப் பாடுவதும் நான் எழுதியபடிதான், அதில் கூட்டல் இல்லை. இதைப் படித்ததும் அவளைக் கூப்பிடு. முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் போனை எடுப்பாள், நீ ஒன்றும் கேட்காதே. என்ன சாப்பிட்டாய் என்று முதலில் அவள் கேட்பாள். சாப்பிட்டதைச் சொல்.

இப்படிக்கு,
தலை நிறைய முடியோடு இருக்கும் உன் தாய்மாமன்,
நாச்சிமுத்து