பெட்ராவுக்குப் போகிற வேன்

அக்கரப்பத்தனை,
12.03.2025

அன்புள்ள ஜீவராணிக்கு,

உன் நாத்தனார் நாகலெட்சுமி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் மகள் ஷாமிலாவுக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது பரவாயில்லை. சுகம் விசாரித்தாயிற்று. இனி ஏச வேண்டியதை ஏசுகிறேன், பொறுமையாகப் படி.

உன்னோடு அங்கே வேலை செய்கிற சர்மிளா லீவு முடிந்து சனிக்கிழமை ஜோர்தானுக்குத் திரும்புகிறாள். அவள் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் என் தம்பி ஸ்பீக்கரில் போட்டுவிடுவான், ஒட்டி ஒட்டிக் கட்டிய இந்த லயத்தில் ஆறு வீட்டுக்கும் கேட்கும்.

பெட்ரா பள்ளத்தாக்கைப் பார்க்கப் போகிற வேனில் உன் இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டாயாமே? நோன்புப் பெருநாள் முடிந்து வரும் வெள்ளிக்கிழமை நீ, சர்மிளா, ராகலைப் பிள்ளைகள் இரண்டு பேர், ஹட்டன்காரி ஒருத்தி என்று ஐந்து பேரும் பேசி முடித்தீர்கள். நீ வேலை செய்கிற வீட்டு மேடமும் சரி என்றுவிட்டார். புளிச்சோறு யார் கட்டுவது, பாலைவனத்து மணலுக்கு எந்தச் சப்பாத்து போடுவது என்பது வரை பேசியாயிற்றாம். என் தம்பி ஒரு தடவை கத்தியதும் நீ "சரிங்க" என்றாயாம். அவ்வளவுதானா? உனக்கு வாய் இல்லையா?

தப்பு என்னுடையதும்தான். சர்மிளா பஜாரில் வைத்துச் சொன்னதும் சந்தோஷம் தாங்காமல் தம்பியிடம் உளறிவிட்டேன். "வேலைக்குப் போனவளுக்கு ஊர் சுத்துறது கேக்குதா? நாலு பேரு என்னா நெனப்பாங்க?" என்று குதித்தான். நானும் விடவில்லை. வருஷா வருஷம் வேன் பிடித்து ஆட்டம் போட்டுக்கொண்டு போகிறாயே, ஜனவரியில் நிலாவெளிக் கடலில் கறுப்புக் கண்ணாடியோடு நின்றாயே, அப்போது அந்த நாலு பேர் எங்கே போயிருந்தார்கள் என்று கேட்டேன். கூடப்பிறந்தவளா நீ என்றான். மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. காதுக்கு நிம்மதி.

போன கிழமை ஏழாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். வெள்ளைக்காரர்கள் படம் பிடிக்க இறங்கி வந்தார்கள். கூட வந்தவன் "கொஞ்சம் சிரிங்க அக்கா" என்றான். காலில் அட்டை ஏறியிருந்தது, அதோடுதான் சிரித்தேன். எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி வந்து நம்மைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நம்மில் ஒருத்தி ஒரு நாள் ஒன்றைப் பார்க்கப் போனால் மட்டும் குடும்ப மானம் போய்விடுமா? ஏழு வருஷமாக அந்த ஊரில் நீ பார்த்தது ஒரு குசினியும் மேடம் பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலும்தானே?

ஷாமிலா போனில் அந்த இடத்தை எனக்குக் காட்டினாள். இரண்டு பக்கமும் செம்பாறை வானம் வரை நிற்கிறது, நடுவில் நம் லயத்து வாசல் அகலத்துக்கு ஒரு பாதை. "அத்தே, அம்மா அதுல நின்னா எவ்ளோ சின்னதா தெரிவாங்க?" என்று கேட்டாள். நீ போகவில்லை என்று தெரிந்த பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தம்பி மாட்டியிருக்கிறானே, வீட்டில் உன் படம் என்று இருப்பது அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஷாமிலாவின் புது டீச்சர் வந்தார். சுவரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, அம்மா தவறி எத்தனை வருஷம் என்று கேட்டார். பிள்ளைதான், "அம்மா ஜோர்தான்ல இருக்காங்க டீச்சர்" என்றாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டான்.

சர்மிளா உன் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. தம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன். மாரியாத்தா உனக்கு முன்னே நடந்து வழி காட்டுவாள். நீ போ, தாயி. அந்தப் பாறைக்கு நடுவில் நின்று பல் தெரியச் சிரித்து ஒரு படம் எடுத்து அனுப்பு. சுவரில் இருப்பதை நான் கழற்ற வேண்டும்.

கோபம் தீராத உன் நாத்தனார்,
நாகலெட்சுமி