முத்துவைக் கூப்பிட வந்தார்கள்

என் உயிரான சொர்ணத்துக்கு,

ஆள் வைத்து எழுதவில்லை, என் கையால் எழுதுகிறேன். நீ கண்மூடிய பிறகு முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்தேன். ஒரு வரி முடிப்பதற்குள் விரல் வலிக்கிறது. ஆனாலும் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

நம் மகள் முத்து பாண்டுப்பில் புருஷன் வீட்டிலிருந்து வந்துவிட்டாள். மாப்பிள்ளை மறுபடி கை நீட்டியிருக்கிறான். அவள் பையில் துணிக்கு நடுவே ஒரு புத்தகம் இருந்தது. அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண் எழுதிய கதை, தமிழில் வந்திருக்கிறது. தினமும் ஒரு பக்கம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். தடுக்கினால் முத்து சொல்லித் தருவாள்.

அதில் ஒரு சமையல்காரி வருகிறாள். வீட்டில் புருஷன் அடிக்கிறான், வேலைக்குப் போனால் வெள்ளைக்கார முதலாளியம்மா விரட்டுகிறாள். சர்ச்சிலோ, நீ பலசாலி, எதையும் தாங்குவாய் என்று புகழ்கிறார்கள். தாங்குவேன் என்பதால்தான் என் தலையிலேயே ஏற்றுகிறீர்களா என்று அவள் கேட்கிறாள். அதற்குமேல் எனக்குப் படிக்க ஓடவில்லை. விடியுமுன் இட்லிக் கூடையோடு கிளம்பிய உன்னையும் இந்தத் தாராவியில் இப்படித்தானே புகழ்ந்தார்கள்? உனக்குக் களைப்பாக இருக்கிறதா என்று யார் கேட்டார்கள்?

ஞாயிற்றுக்கிழமை சம்மந்தியும் மாப்பிள்ளையும் வந்தார்கள். எனக்குப் பேசத் தெம்பில்லை. முத்துவை அவர்களோடு அனுப்பிவிட்டால் நிம்மதி என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

"முத்து தைரியசாலிலா சம்மந்தி, அவ சமாளிச்சுக்கிடுவா. இப்பவே கூட்டிட்டுப் போறோம்" என்றார் சம்மந்தி.

அடுப்படியிலிருந்து முத்து வந்தாள். "எனக்குத் தைரியமும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா. அலுத்துப்போச்சு. நான் வரல."

மாப்பிள்ளை சிரித்தான். "பாத்தீங்களா மாமா? புக்கு படிச்சு கெட்டுப்போயிட்டா."

"நானும் அதத்தான் மாப்ள படிச்சிட்டிருக்கேன். நானும் கெட்டுப்போயிட்டேன். டீயக் குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றேன்.

முத்து வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாயிற்று சொர்ணம், அந்தச் சிரிப்பைப் பார்த்து!

அவர்கள் மறுபடி வருவார்கள். அடுத்த முறை சொந்தக்காரர்களையும் கூட்டி வருவார்கள். எனக்கும் தள்ளவில்லை. நான் இருக்கும்வரை இங்கே இரு என்று சொன்னால் அவளுக்கு அது போதுமா?

அதனால் நாம் குடியிருந்த இந்த ஒற்றை அறையை முத்து பேருக்கு எழுதி வைக்கப்போகிறேன். யார் வந்து கூப்பிட்டாலும் அவள் வீட்டில் அவள் இருக்கட்டும். பெருவிரலில் மை தடவ மாட்டேன். என் பெயரை முழுதாக நானே எழுதுவேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் புருஷன்,
முத்துவின் அப்பா