ஐந்துக்கு நான்கு

அன்புள்ள உங்களுக்கு,

இன்று காலை என் மகளோடு பேசி முடித்ததும் கைபேசித் திரையில் ஐந்து நட்சத்திரங்கள் வந்து நின்றன. அழைப்பின் தரம் எப்படி இருந்தது என்று கேட்கிறது. எல்லோரும் அதைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். என்னால் முடிவதில்லை. உங்கள் நோட்டுப் புத்தகம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

தொண்ணூறுகளின் கடைசி. காந்திபுரத்தில் ஆபீஸ், பெருந்துறையில் மில். இரண்டுக்கும் நடுவே கம்ப்யூட்டர்களுக்காக வாங்கிய தனி லைன். அதிலேயே பேச்சையும் அனுப்பலாம் என்று யாரோ சொல்ல, முதலாளி இரண்டு பெட்டிகளை வாங்கிவிட்டார். ஆபீஸ் முனையில் நான், மில் முனையில் நீங்கள். நமக்கு ஒரே வயது. அந்தப் பெட்டியைப் பற்றித் தெரியாததும் ஒரே அளவு.

யாரும் பேசாத நேரத்திலும் பெட்டிகள் இரண்டும் ‘இருக்கிறாயா’ என்று ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். எத்தனை நொடிக்கு ஒருமுறை கேட்பது என்று நாம்தான் அமைக்க வேண்டும். நான் ஐந்து நிமிடம் என்று வைத்துத் தொலைத்தேன். லைன் போனது தெரியாமல் பச்சை விளக்கைப் பார்த்தபடி இருவரும் உட்கார்ந்திருந்தோம். அரை நிமிடமாகக் குறைத்த பிறகுதான் அந்தத் தொல்லை விட்டது.

குரல்தான் வழிக்கு வரவில்லை. அதை அளக்க நம்மிடம் இருந்த ஒரே கருவி காது. மணிக்கு ஒருமுறை நான் கூப்பிட்டுப் பேச வேண்டும், நீங்கள் நோட்டில் ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். எப்போதும் நான்கு போட்டீர்கள். அதைக் காட்டித்தான் முதலாளியிடம் நல்ல பெயர் வாங்கினேன்.

ஒரு மதியம் நீங்களாகவே கூப்பிட்டீர்கள். கண் ஆபரேஷன் முடிந்த உங்கள் அம்மா நாலு மணிக்கு காந்திபுரத்தில் பஸ் இறங்குகிறார், துடியலூரில் உங்கள் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கேட்டது கரகரப்பும் ‘அம்மா’ என்ற ஒரு சொல்லும்தான். மறுபடி மறுபடி கேட்டால் நன்றாகவா இருக்கும் என்று, “சரிங்க, ஆகட்டுங்க” என்று வைத்துவிட்டேன். அந்த அம்மா கண்ணில் கட்டோடு பஸ் ஸ்டாண்டில் மூன்று மணி நேரம் நின்றார். கடைசியில் யாரோ ஒரு கண்டக்டர் டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறார்.

மறுநாள் நீங்கள் வந்தபோது திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். எனக்கே ஆறுதல் சொன்னீர்கள். அதில்தான் எனக்குக் கோபம் வந்தது. கையிலிருந்த நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். அந்த மதியத்துக்கும் நான்கு.

“ஏனுங்க, இப்படி எழுதி வெச்சிருக்கீங்க?”

“ஒரு மாசமா அதோட மல்லுக்கட்டிட்டு இருக்கறீங்க. ரெண்டுன்னு எப்படீங்க எழுதறது?”

நல்ல மனிதர்களோடு வேலை செய்வது எவ்வளவு அலுப்பானது என்று அன்றைக்குத் தெரிந்தது. கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். நீங்கள் மனசே இல்லாமல் ஒன்றும் இரண்டும் போட ஆரம்பித்தீர்கள். அவற்றை நேரத்தோடு வைத்துப் பார்த்தபோது, அதே லைனில் கம்ப்யூட்டர்களுக்கிடையே உற்பத்தி விவரம் போய்வரும் மதிய வேளையில் மட்டும் குரல் உடைவது புரிந்தது. பேச்சுக்குத்தான் முதலிடம் என்று பெட்டியில் மாற்றியதும் சரியாகிவிட்டது.

போன ஆவணியில் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினீர்கள். லைன் சுத்தமாக இருந்தது. உங்களிடம்தான் குரல் இல்லை. ஏதோ நீளமாகக் கேட்டீர்கள், ‘ஊட்டுல’ என்ற சொல் மட்டும் பிடிபட்டது. அப்படி மூச்சு வாங்கும் உங்களை இன்னொரு தரம் சொல்ல வைக்க எனக்கு வாய் வரவில்லை. “சரிங்க” என்றேன். மறுநாள் நீங்கள் இல்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு உங்கள் மனைவியிடம் கேட்டேன், என்னிடம் என்ன கேட்டார் என்று.

“அது தெரியலீங்க. உங்ககிட்டப் பேசிப்போட்டு, அவரு ஒத்துக்கிட்டாரு, இனிக் கவலை இல்லைன்னு சொன்னாருங்க. அப்பறந்தான் தூங்குனாரு.”

எதற்கு ஒத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை. தெரியாததால் உங்கள் வீட்டிலிருந்து எது கேட்டாலும் மறுக்க முடியவில்லை. பையனின் காலேஜ் அட்மிஷனுக்கு அலைந்தேன். போர்வெல் மோட்டார் எரிந்தபோது ஆள் பிடித்துக் கொடுத்தேன். ரேஷன் கார்டில் உங்கள் பெயரை நீக்க மூன்று தரம் தாலுகா ஆபீஸ் போனேன். முழங்கால் வலி, களைப்பு. சில நாள் உங்கள்மேல் கோபம்கூட வருகிறது. ஒவ்வொன்றும் முடிந்ததும், இதுதான் அது, இனிமேல் ஓய்வு என்று நினைக்கப் பார்க்கிறேன். மனம் ஒப்புவதில்லை.

நாளைக்கு ஈரோட்டில் உங்கள் மகளுக்கு ஒரு வரன் விசாரிக்கப் போகிறேன். நீங்கள் கேட்டது இதுவாகவும் இருக்கலாம். ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.