ஏழுமலையின் 4.2

ஜூன் 9, திங்கள்

புழுக்கம். கல்மண்டபத்திலிருந்து கம்பெனி வாசலுக்கு வருவதற்குள் சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை. முதல் லாரி துறைமுகத்தில், கடைசி லாரி இமயமலையில்.

பத்து மணிக்கு வழிகாட்டிக் குழு, கம்ப்யூட்டர் திரையில். உணவு மூலப்பொருள்களின் வாழ்நாள் சுழற்சி மதிப்பீடு. கை வலிக்கிறது, இனி வா.சு.ம. ஒரு கிலோ சமையல் எண்ணெய் பிறந்து கம்பெனி வாசலைத் தாண்டும்வரை எவ்வளவு நிலக்கரி தின்றது, தண்ணீர் குடித்தது, புகை விட்டது என்று எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி கணக்கிட விதி எழுதுகிறோம். எங்கள் எண்ணெய்க் கம்பெனி சார்பில் தரக்கட்டுப்பாட்டுச் சக்கரவர்த்தியாகிய நான்.

கையால் எழுதும் பதிவேட்டுக்கு மாதிரியாக விதிப் புத்தகத்தின் பின்னிணைப்பில் ஒரு பக்கம் வேண்டுமாம். விடுவேனா? எங்கள் பாய்லர் ஏழுமலையின் பக்கத்தைப் பெயரோடு போடுங்கள், அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் அச்சகம் வெட்கப்படும் என்றேன். குழுவை நடத்தும் வித்யா, சின்னப் பெண், "அனுப்புங்க சார், பாக்கலாம்" என்றாள்.

ஏழுமலை (இனி ஏ.) போய்ச் சேர்ந்து இருபத்தாறு நாள். டூட்டிக்குக் கிளம்பியவன், வீட்டு மாடிப்படியிலேயே. நெஞ்சுவலி.

ஜூன் 10, செவ்வாய்

வாங்க வேண்டியவை: சர்க்கரை மாத்திரை, குடைக்கு ஊக்கு, பேனா. மூன்றையும் மறந்தேன்.

சாயங்காலம் வியாசர்பாடி. ஏ.வின் மனைவி கஸ்தூரி மூன்றாவது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணா, திடீர்னு?"

"தங்கச்சி, உன் வூட்டுக்காரன் பேரு புக்குல வருது. டெல்லி, லண்டன், எல்லா ஊருக்கும் போவுது. ஏர்போர்ட்ல யானை மாலையோட நிக்கும்."

சிரித்தாள். அவன் போன பிறகு இன்றுதான் பார்க்கிறேன் அந்தச் சிரிப்பை.

"மெய்யாலுமா? அப்ப எனக்கு ரெண்டு புக்கு குட்த்துரு. ஒண்ணு எங்க அம்மா வூட்டுக்கு. பாய்லர்காரனுக்கா பொண்ண குட்த்தோம்னு இன்னும் பேசிகினு கீறாங்க."

இன்னும் முடிவாகவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டீ நன்றாக இருந்தது.

ஜூன் 12, வியாழன்

காலையில் நாலு தூறல். அதற்கே கேன்டீனில் வெள்ளம்.

பதிவேடுகளைப் புரட்டினேன். எண்ணெயின் வாடையை எடுக்க நீராவி. எத்தனை டன் போகிறது என்று காட்டும் மீட்டர் கோபுரத்தின் உச்சியில், முப்பத்தெட்டு இரும்புப் படி ஏறிப் பார்க்க வேண்டும். மணிக்கு ஒரு தடவை. ஏ. காலை ஷிப்டு.

நவம்பர், டிசம்பர், ஜனவரி: 3.9, 4.4, 4.1, 4.7. முத்துப்போல.

பிப்ரவரி நடுவிலிருந்து 4.2. 4.2. 4.2. ஒரு நாள் அல்ல. மே வரை. மற்ற ஷிப்டுகளில் எண் குதிக்கிறது, இவன் ஷிப்டில் மட்டும் உறைந்து நிற்கிறது. அதே முத்துக் கையெழுத்து.

ஏறவில்லை. கீழே உட்கார்ந்து எழுதியிருக்கிறான்.

4.1, 4.3 என்று மாற்றி எழுத என்னைவிடக் கெட்டிக்காரன் இந்தக் கடற்கரையில் கிடையாது. பேனாவை எடுத்தேன். வைத்தேன். அவன் எழுத்துக்குப் பக்கத்தில் என் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். எல்லா மாதத்தையும் அப்படியே ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டேன். வித்யா கவனிக்க மாட்டாள் என்று ஒரு நப்பாசை.

ஜூன் 13, வெள்ளி

கவனித்துவிட்டாள்.

"அந்த ஷிப்டு அளந்தது இல்ல சார், காப்பி. நீக்கணும். மாதிரிப் பக்கமும் வேணாம்."

"டிசம்பர் பக்கம் தங்கம்மா. அதப் போடலாமே?"

"அதே ஆள்தானே சார். எப்படி நம்புறது?"

கெட்ட பெண் அல்ல. குரல் தழைந்துதான் இருந்தது. இந்த மாதிரி வேறு எங்கும் நடக்காமலிருக்க ஒரு விதி சேர்க்கலாம், தமிழில் நீங்களே எழுதுங்கள் என்றாள். எழுதினேன்: 'தொடர்ந்து ஒரே எண் வரும் பதிவு அளவீடாக ஏற்கப்படாது.' நல்ல வாக்கியம். ஓர் எழுத்து அதிகம் இல்லை.

மத்தியானம் சாப்பிடவில்லை. கேன்டீன்காரர், "இன்னா மாமா, உண்ணாவிரதமா?" டோக்கனை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

ஜூன் 14, சனி

வெயில். மணலிப் பக்கத்துக் காற்று, அழுகிய முட்டை வாடை. கஸ்தூரி வீடு. மூன்று மாடி ஏறும்வரை என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தேன். ஒன்பது பொய் கிடைத்தது. எல்லாம் அருமையானவை.

கதவைத் திறந்ததும், "புக்கு வந்துச்சாண்ணா?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். ஏறாமலே எழுதியிருக்கிறான், பெயர் வராது.

அவள் கோபப்படவில்லை.

"எப்டி ஏறுவாரு? இந்த மாடிக்கே ரெண்டு தபா குந்திகினுதான் வருவாரு. மூச்சு இறைக்குதுன்னா கேஸ் மாத்திரைய போட்டுகினு படுத்துடுவாரு. ஆஸ்பத்திரிக்கு வா வான்னு நான் பேஜாரு பண்ணேன். வேற ஆள போட்ருவாங்கன்னு பயம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன்னாரே. 'மாமு சிரிச்சிட்டான்மா'ன்னாரு."

அவனுக்கு மாமு நான்தான். பிப்ரவரி. டீ இடைவேளை. "படி ஜாஸ்தி ஆயிகினே போது மாமு" என்றான். நான் என்ன சொன்னேன்? கம்பெனி உனக்காக ராத்திரியோடு ராத்திரியாக நூறு படி புதுசா அடித்திருக்கிறது, உச்சியில் சிவபெருமானைப் பார்த்தால் என் சம்பள உயர்வைக் கேள் என்றேன். மேஜையே சிரித்தது. அவனும் சிரித்தான்.

கஸ்தூரி டீ கொடுத்தாள். குடித்தேனா என்று நினைவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

குழு. என் விதியோடு இன்னொரு வரி சேர்த்து அனுப்பியிருந்தேன்: 'நீக்கும் முன், எழுதியவரை நேரில் போய்ப் பார்த்து, உடம்பு எப்படி என்று கேட்க வேண்டும்.'

வித்யா அதைத் திரையில் வாய்விட்டுப் படித்தாள்.

"இது வா.சு.ம.வில வராது சார்" என்றாள் வித்யா. "கணக்கோட எல்லைக்கு வெளிய போகுது." எடுத்துவிட்டார்கள். முதல் வரி இருக்கிறது. குழுவில் உள்ள ஏழு கம்பெனியும் ஒப்புக்கொண்டன.

கஸ்தூரிக்கு டிசம்பர் பக்கத்தை நகல் எடுத்துச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வாங்க வேண்டும்.

ஜூன் 18, புதன்

மேகம். காற்று இல்லை.

காலை ஷிப்டுக்கு இன்னும் நிரந்தர ஆள் இல்லை. பதினோரு மணி ரீடிங் நான் எடுக்கிறேன் என்றேன். "உனக்கு இன்னாத்துக்கு மாமா இந்த வேல?" என்றார்கள்.

பன்னிரண்டாம் படியில் மூச்சு. இருபதில் நின்றேன். அங்கே கைப்பிடியில் பெயின்ட் தேய்ந்து, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு பளபளக்கிறது. அதற்கு மேல் பெயின்ட் அப்படியே இருக்கிறது. ஏ. இதுவரை ஏறிப் பார்த்திருக்கிறான்.

அங்கேயே கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம். பிறகு மேலே.

11.20. இருபது நிமிடம் தாமதம். 4.6.