முடித்து வைத்த புகார்

திங்கள், இரவு

ராசாத்தி அக்காவின் தெருவுக்குக் குடிதண்ணீர் இன்னும் வரவில்லை. அவர் ஆன்லைனில் போட்ட புகாரை, ‘தீர்க்கப்பட்டது’ என்று இன்று பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் நான்தான் முடித்து வைத்தேன்.

நாளை பெரம்பலூரில் புகார்கள் பற்றிய ஆய்வுக் கூட்டம். “நம்ம ஆபீஸ் குழாயவே போட்டோ எடுத்துப் போட்டுடும்மா. ஒண்ணுகூட பாக்கி நிக்கக் கூடாது” என்றார் மேனேஜர். எனக்குத் தற்காலிக வேலை. அந்தச் சம்பளத்தில்தான் என்னைப் பெற்ற அத்தாவுக்கு மருந்து. மறுக்கத் தெரியாமல் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் அக்கா போன் செய்தார். “பாப்பா, சரியாயிடுச்சுன்னு மெசேஜ் வந்துருக்கு. தெருவே குடத்த வச்சுட்டு உக்காந்துருக்கோம். எப்பத் தொறப்பாங்க?”

“வந்துடும்க்கா” என்றேன். அது இரண்டாவது பொய்.

பொய்ச்சாட்சி பெரும்பாவம் என்று மதரசாவில் படித்தவள் நான். இரவு இஷா தொழுதுவிட்டு அல்லாஹ்விடம் அழுதேன். ஆனால் இன்னொருவருக்குச் செய்த அநீதிக்கு அவரிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும். புகாரைத் திரும்பத் திறக்கவும் அக்காவின் போனுக்கு வரும் ஓடிபி வேண்டும். நடந்ததைச் சொன்னால் தெருவே ஆபீசுக்கு வரும். என் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்தப் புகாரை இனி யாரும் பார்க்கப்போவதில்லை.

விடிந்ததும் அக்கா வீட்டு வாசலுக்குப் போகிறேன். யா அல்லாஹ், அங்கே நிற்கும்போது உண்மையைச் சொல்ல எனக்கு வாயைக் கொடு.